தயிர் உறையாத 11 நாள்: சொந்தப் பாலில் தயிர் போட நினைப்பவர்களுக்கு

எங்கள் ஊர் கோபிசெட்டிப்பாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. நெல்லும் மஞ்சளும் போடுகிறோம். வரப்போரம் தென்னை, கொட்டகையில் 12 கறவை மாடு. எல்லாமே ஜெர்சி, எச்எஃப் என்ற வெளிநாட்டு இனங்கள் கலந்த மாடுகள். 2022 ஆவணியில் சொந்தப் பாலில் கப் தயிர் போட ஆரம்பித்தோம். இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நடுவில் ஒரு ஒன்பது மாதம் நான் பட்ட பாட்டை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போன மாதம் இரண்டு பெண்கள் போன் செய்து, "அக்கா, நாங்களும் தயிர் போடலாம்னு இருக்கோம், என்ன மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டார்கள். நான் மெஷினைப் பற்றிச் சொல்லாமல் மாட்டுக்கு ஊசி போட்டால் எழுதி வைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அன்றைக்கு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் புரிந்திருக்காது. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தயிர் போடலாம் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் எளிது. அப்போது ஆவினில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டர் 32 ரூபாய். நவம்பரில்தான் 35 ஆக்கினார்கள். புண்ணாக்கும் தவிடும் விற்ற விலைக்கு மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அதே சமயம் கடையில் 100 கிராம் தயிர்க் கப் 10 ரூபாய். ஒரு லிட்டர் பாலில் பத்துக் கப் என்றால் 100 ரூபாய். 32 எங்கே, 100 எங்கே? அந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்ட அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அத்தை போடும் தயிருக்குச் சொந்தபந்தத்தில் எப்போதும் நல்ல பேர் உண்டு. விற்றால் விற்காமலா போகும் என்று நினைத்தேன்.

அந்தக் கணக்கு எங்கே தப்பு என்று இப்போது சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 10 ரூபாய்க் கப்பில் கடைக்காரருக்கு 2 ரூபாய் போய்விடும். நமக்கு வருவது 8. நம்ம மாட்டுப் பால்தானே என்று பாலுக்கு நான் விலையே போடவில்லை. ஊர்ப் பால் கூட்டுறவுச் சொசைட்டிக்கு ஊற்றினால் என்ன கிடைக்குமோ அதுதான் பாலின் விலை. நவம்பரில் ஆக்கிய 35 ரூபாய் வீதம் கப்புக்கு 3.50. கப்பும் மூடியும் 1.70. பால் காய்ச்ச, கரண்ட் எல்லாம் சேர்த்து 80 காசு. வண்டிக்குப் பெட்ரோல் 60 காசு. கல்ச்சர் (பாக்கெட்டில் விற்கும் உறை), கழுவும் செலவு 20 காசு. ஆக 6.80 போக மிச்சம் 1.20. இதில் நூற்றுக்கு 8 கப் விற்காமல் திரும்பி வந்தால், 92 கப்புக்கு 736 ரூபாய் வரும், செலவு 680, மீதி 56. கப்புக்கு 56 காசு. நாளுக்கு 500 கப் போட்டால் 280 ரூபாய். அதுவும் நானும் கூட ஒரு ஆளும் விடிகாலை நாலு மணியிலிருந்து நின்றால். இந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே போட்டிருந்தால் கப்பில் ஆரம்பித்திருக்கவே மாட்டேன்.

மொத்தம் 5,40,000 ரூபாய் இறக்கினோம். அறைக்கு டைல்ஸ், கொசுவலைக் கதவு, கழிவுநீர்க் குழி என்று 1,60,000. பால் காய்ச்சும் 200 லிட்டர் தொட்டி பழையதாக வாங்கியது 1,10,000. மூடி ஒட்டும் மெஷின் 65,000. கூலரும் ஃப்ரீசரும் 95,000. ஜெனரேட்டர் 60,000. கப்பு 42,000, மற்ற சில்லறைச் செலவு 8,000. மஞ்சள் விற்ற பணம் 1,90,000 போக மீதி 3,50,000-க்கு என் நகை 14 பவுனை அடகு வைத்தோம். எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான், உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் இருப்பது தெரிந்தது. மாவட்டத் தொழில் மையத்தில் போய் நின்றேன். அது வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம், நகையை வைத்து முன்னாலேயே வாங்கிப்போட்ட பொருளுக்குக் கிடைக்காது என்று பொறுமையாகச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீங்கள் ஒரு ஸ்பூன் வாங்குவதற்கு முன்பே தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் போய்விடுங்கள். மானியம் கையில் பணமாக வராது, கடன் கணக்கில்தான் சேரும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கப்பில் போன 42,000 இன்னொரு அவசரம். 30,000 கப் எடுத்தால்தான் அச்சடித்துத் தருவோம் என்றார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண் கைக்கு வருவதற்கு முன்பே பூப்போட்ட டிசைனில் அடித்து வாங்கிவிட்டேன். உரிம எண் இல்லை, சைவக் குறியான பச்சைப் புள்ளி இல்லை, தயாரித்த தேதிக்கு இடம் இல்லை. மேலே ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தோம், குளிர் பட்டதும் உரிந்து வந்துவிட்டது. மொத்தமும் வீண். அதுவும் போக, வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்று நினைத்துப் பதிவு மட்டும் எடுத்திருந்தேன். நாளுக்கு 500 கப், 8 ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு 14 லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு அப்போது மாநில உரிமம் வேண்டியிருந்தது, மறுபடி அலைந்தேன். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தயிருக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்திருந்தது. அதற்கும் பயந்து பல நாள் தூங்கவில்லை. பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே கட்டாயம் இல்லை என்று ஒரு ஆடிட்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு வெறும் வெள்ளைக் கப்பும், தண்ணீர் பட்டாலும் உரியாத ஸ்டிக்கர் லேபிளும் போதும். அப்புறம் 2023 மார்ச்சில் தயிர்ப் பாக்கெட்டில் இந்திச் சொல்லான 'தஹி' என்று போடச் சொல்லி ஓர் உத்தரவு வந்து, தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 30-ஆம் தேதி அதைத் திருத்தினார்களே, அந்தச் சமயத்தில் கையில் அச்சடித்த கப் இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

சரி, தயிருக்கு வருகிறேன். பாலை 90 டிகிரிக்குக் கொண்டுபோய் பத்து நிமிடம் வைப்போம். அப்படிக் காய்ச்சினால்தான் தயிர் கட்டியாக நிற்கும், சீக்கிரம் தண்ணீர் விடாது. பிறகு 43 டிகிரிக்கு ஆற்றி, கல்ச்சர் சேர்த்து, கப்பில் ஊற்றி மூடி ஒட்டி, சூடு மாறாத அறையில் நாலரை மணி நேரம் வைப்போம். உறைந்ததும் அலுங்காமல் கூலருக்கு மாற்றிவிடுவோம். வீட்டு உறைமோரில் ஒரு நாள் ஒரு ருசி, மறுநாள் வேறு ருசி. கடைக்குக் கொடுக்கும்போது அது சரிப்படாது. அதனால் யோகர்ட்டுக்கான பாக்கெட் கல்ச்சர் வாங்கினோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு பாக்டீரியா அதில் இருக்கும். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாதமும் ஒரு குறையும் இல்லாமல் போனது. 110 லிட்டர் பாலில் 70 தயிருக்கு, 40 சொசைட்டிக்கு. மொத்தத்தையும் தயிருக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது மாமா, "சொசைட்டி கேனை மட்டும் நிறுத்தீராத கண்ணு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். நாலரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து ஒரு கப்பைச் சாய்த்துப் பார்த்தேன். பால் அப்படியே ஓடியது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன், பிறகு இரண்டு மணி நேரம். சாயங்காலம் ஏதோ கொழகொழவென்று இருந்ததே தவிர தயிர் ஆகவில்லை. 70 லிட்டர். முதல் நாள் அவ்வளவாகப் பயப்படவில்லை, குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். அன்றைக்கே ஈரோட்டுக்கு ஆள் அனுப்பி ஹீட்டர் வாங்கி அறையில் வைத்தோம். மறுநாளும் அதே கதை. கல்ச்சர் பாக்கெட் கெட்டிருக்கும் என்று வேறு கம்பெனிப் பாக்கெட் வரவழைத்தேன். அதைப் போட்ட அன்று பாதி உறைந்து, மேலே பச்சையாகத் தண்ணீர் நின்றது. பாலில் சத்து குறைந்துவிட்டதோ என்று பால் பவுடர் சேர்த்தேன். தொட்டியைச் சோடா போட்டு இரண்டு முறை கழுவினேன், சோப்புதான் தங்கிவிட்டதோ என்று மறுபடி வெந்நீரில் அலசினேன். மெஷின் விற்றவரைக் கூப்பிட்டால் அவர் பங்குக்குத் தெர்மாமீட்டரை மாற்றச் சொன்னார். ஹீட்டர், கல்ச்சர், பவுடர், தெர்மாமீட்டர் என்று 6,500 ரூபாய் போனது.

ஒரு விஷயம்தான் என்னைக் குழப்பியடித்தது. வீட்டில் அத்தை உறை ஊற்றும் தயிர் மட்டும் கல்லு மாதிரி உறைந்தது. ஆக பாலில் குற்றம் இல்லை, என் அறையில்தான் ஏதோ தப்பு, என் கையில்தான் ஏதோ தப்பு என்று முடிவே கட்டிவிட்டேன். படித்த திமிரில் உறைமோரை விட்டுவிட்டுப் பாக்கெட்டை நம்பினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைக்காரர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் போனை எடுக்காமல் விட்டேன். அந்தப் பாலை எங்கே கொட்டுவது என்பதும் ஒரு பிரச்சினை. தென்னை மரத்துக் குழியில் ஊற்றினோம். மூன்றாம் நாள் நாற்றமும் ஈயுமாக வாசல்வரை வந்துவிட்டது. குளிக்கப் போனால் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன், வெளியே கேட்கக் கூடாது என்று. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இதில் நான் செய்த பெரிய தப்பு, தினமும் 70 லிட்டரையும் போட்டதுதான். நாளைக்குச் சரியாகிவிடும், கடைக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற பிடிவாதம். ஒரு தடவை உறையவில்லை என்றால் மறுநாள் ஒரே ஒரு லிட்டரில் போட்டுப் பாருங்கள். மீதியைச் சொசைட்டிக்கு ஊற்றிவிடலாம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அதிலும் ஒரு தப்பு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். 11 நாளில் 770 லிட்டர் போனது. 35 ரூபாய் வீதம் 26,950.

பதினோராம் நாள் காலை நான் கொட்டகைத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தை சாணி வழித்துக்கொண்டே, "ஏங்கண்ணு, ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனியா உறை ஊத்திப் பாத்தயா?" என்றார். அதெல்லாம் ஒரே பால்தானே அத்தை என்றேன். "ஒரே பாலுன்னு யாரு சொன்னா? ஊட்டுக்கு நான் செவலைப் பாலு மட்டுந்தான எடுக்கறேன்" என்றார். அந்த நிமிடம் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பார்த்து ஏங்கிய வீட்டுத் தயிர் ஒரே ஒரு மாட்டின் பால்!

12 டம்ளர் எடுத்தோம். அடியில் சாக்பீஸால் மாட்டுப் பேர் எழுதினேன். ஒவ்வொன்றின் பாலையும் தனியாகக் காய்ச்சி, ஒரே சூட்டுக்கு ஆற்றி, ஒரே பாக்கெட்டிலிருந்து ஒரே அளவு கல்ச்சர் போட்டு, அறையில் வைத்தேன். அந்த நாலரை மணி நேரமும் நான் சாப்பிடவில்லை. திறந்து பார்த்தால் ஒன்பது டம்ளரில் தயிர் அசையாமல் நின்றது. கருப்பி, மயிலை, லட்சுமி மூன்று டம்ளரிலும் பால் தண்ணீராக இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு டம்ளரைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கருப்பிக்கும் மயிலைக்கும் மடிநோய் வந்து டாக்டர் காம்பில் மருந்து ஏற்றியிருந்தார். லட்சுமிக்கு அந்தச் சமயம் ஊரெல்லாம் பரவியிருந்த தோல் கழலை நோய், புண் சீழ் பிடிக்காமல் இருக்க ஆன்டிபயாடிக் ஊசி. ஒன்று முடிய ஒன்று என்று வரிசையாக நடந்ததால் 11 நாளும் ஏதோ ஒரு மாட்டின் மருந்து பாலில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. "ஏனுங்க, டாக்டர் ஒன்னும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன். கடைசி மருந்து ஏற்றியதிலிருந்து நாலு நாள் பாலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் இரண்டு நாள் தனியாகக் கறந்து கொட்டிவிட்டு, பால் வெள்ளையாக வந்ததும் சேர்த்துவிட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அன்று இரவு பெரிய சண்டை. ஆனால் யோசித்தால், அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. எத்தனையோ வருடமாக நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.

இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். தயிரை உறைய வைப்பது பாக்டீரியா. மாட்டுக்குப் போடும் ஆன்டிபயாடிக்கின் வேலை பாக்டீரியாவைக் கொல்வது. அது பாலில் கொஞ்சம் இருந்தாலும் கல்ச்சர் வேலை செய்யாது. முக்கியமாகத் தெர்மோஃபிலஸ் என்ற அந்தப் பாக்டீரியா பென்சிலின் வகை மருந்தைத் தாங்கவே தாங்காது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், 90 டிகிரியில் காய்ச்சினாலும் அந்த மருந்து பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். 12 மாட்டில் ஒரே ஒரு மாட்டுப் பால் கலந்தாலே மொத்தத் தொட்டியும் போகலாம்.

இப்போது நான் மேலே பாதியில் விட்டதற்கு வருகிறேன். அந்த 11 நாளும் மீதி 40 லிட்டர் சொசைட்டிக்குப் போனது. அதிலும் அதே மூன்று மாட்டுப் பால் இருந்திருக்கும். அதற்கு முன் எத்தனை வருடம், எத்தனை மடிநோய்? பாலாக ஊற்றினால் கேன் வண்டியில் ஏறியதோடு நம் வேலை முடிந்தது. யார் வீட்டிலோ ஒரு குழந்தை அதைக் குடித்திருக்கும். நாங்கள் தயிர் போட்டிருக்காவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்திருக்கவே போகிறதில்லை. பணம் போன வருத்தம் ஒரு வருடத்தில் ஆறிவிட்டது. இது ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மருந்து ஏற்றிய மாட்டின் பால் தயிருக்கு மட்டும் இல்லை, சொசைட்டிக்கும் போகக் கூடாது, கன்றுக்கும் ஊட்டக் கூடாது. குழி வெட்டிக் கொட்டுங்கள். அதுதான் அந்த நோயின் செலவு, அதை நாம்தான் ஏற்கவேண்டும்.

அப்புறம் கொட்டகையில் செய்த மாற்றங்கள். மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்பு நாடா கட்டுகிறோம். கறக்க வருகிற ஆள் மாறினாலும் நாடா தெரியும். அந்த மாட்டை எல்லா மாட்டையும் கறந்த பிறகு கடைசியாக, தனி வாளியில் கறப்போம். மருந்து டப்பாவைத் தூக்கி எறிவதில்லை. எத்தனை நாள் பாலை விலக்கவேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், டப்பாவிலேயே போட்டிருக்கும், டாக்டரிடமும் கேட்டு எழுதிவிடுவோம். வற்றுக்காலத்தில் (கன்று போடும் முன் கறவையை நிறுத்தும் காலம்) காம்பில் ஏற்றும் மருந்துக்கு இன்னும் அதிக நாள், அதைக் கறவை மருந்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாள் முடிந்தாலும் நேராகத் தொட்டியில் சேர்ப்பதில்லை. ஒரு டம்ளரில் அந்த மாட்டுப் பாலை உறை ஊற்றிப் பார்த்து, உறைந்தால்தான் நாடாவை அவிழ்ப்போம். பாலில் மருந்து இருக்கிறதா என்று சில நிமிடத்தில் காட்டிவிடும் சோதனைப் பட்டையும் விற்கிறார்கள். விலை கூட என்பதால் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

மடிநோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லாவற்றையும் விட லாபம். ஈரோட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இத்தனை வருடம் மாடு வைத்திருந்தும் அதுவரை நான் அந்தப் படியேறியதில்லை. கறந்ததும் காம்பை மருந்துத் தண்ணீரில் முக்குவது, கறந்த கையோடு மாட்டைப் படுக்கவிடாமல் தீனி போட்டு அரை மணி நேரம் நிற்க வைப்பது (காம்புத் துளை மூட நேரம் வேண்டும்), முதல் பீச்சலைக் கருப்புத் தட்டில் விட்டுத் திரிதிரியாகக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் பெரிய செலவில்லாத காரியம். நோயின் ஆரம்பத்தில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் வைத்தியமும் கால்நடைப் பல்கலைக்கழகம் பரப்பியதுதான். எங்களுக்குப் பல தடவை கேட்டிருக்கிறது. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ மடி கல்லாகிவிட்டாலோ அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

இத்தோடு கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். சித்திரை வந்தது. இந்தத் தடவை தயிர் அழகாக உறைந்தது. ஆனால் மூன்றாம் நாளே "புளிக்குதுங்க" என்று கடையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். சில கப்பில் மூடி உப்பியிருந்தது, சிலதில் பூஞ்சை. பூஞ்சைக்குக் காரணம் எங்கள் பக்கம்தான். கப்பு அட்டைப்பெட்டிகளைத் தவிட்டு மூட்டை இருக்கும் அறையில் அடுக்கியிருந்தோம், தூசி பூராவும் கப்புக்குள். அதை மாற்றியதும் பூஞ்சை நின்றது. புளிப்பு நிற்கவில்லை. தயிர் நம் கையை விட்டுப் போன பிறகும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். 5 டிகிரிக்குள் இருக்கும்வரை மெதுவாகப் புளிக்கும், வெளியே வைத்தால் ஒரே ராத்திரியில் முடித்துவிடும். எங்கள் வண்டியில் ஐஸ் பெட்டி இருந்தது, கூலர் சரியாக இருந்தது. பிறகு எங்கே? அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஆறு வாங்கி, கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு கடையில் காலையில் 26 டிகிரி காட்டியது. ராத்திரி கடை அடைக்கும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, கரண்ட் பில் அவர்களுக்கும் பாரம்தான். அந்தக் கோடையில் திரும்பி வந்த தயிரில் மட்டும் 38,000 போனது. 34 கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை 11 கடையாகக் குறைத்தேன். விட்ட கடைகளில் பாக்கி 17,400 வரவே இல்லை. புதுக் கடைக்குப் பேசப் போனால் முதலில் ஃப்ரிட்ஜ் ராத்திரியும் ஓடுமா என்று கேளுங்கள், கமிஷனை அப்புறம் பேசலாம். ஒரு வாரத்துக்கு மேல் கடன் விடாதீர்கள்.

ஆக, கப்பில் 42,000, உறையாத பாலில் 26,950, அதற்குக் காரணம் தேடி அலைந்ததில் 6,500, கோடையில் 38,000, வராத பாக்கி 17,400. மொத்தம் 1,30,850 ரூபாய். நகையைத் திருப்ப இன்னும் ஒன்றேகால் வருடம் ஆனது. தங்கச்சி கல்யாணத்தில் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு நின்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம் பொய் சொன்னேன்.

எங்களைத் தூக்கி நிறுத்தியது கப் இல்லை, வாளி. பக்கத்தில் ஒரு மெஸ்காரர் தினமும் பத்து கிலோ கேட்டார். கிலோ 58 ரூபாய்க்கு ஐந்து கிலோ வாளியில் கொடுக்க ஆரம்பித்தோம். அப்போதைய விலையில் பால் 35, காய்ச்சவும் கரண்டுக்கும் 6, வண்டிக்கு 2 போக கிலோவுக்கு 15 நின்றது. அன்றைக்கே தீர்ந்துவிடும், ஒரு வாளியும் திரும்பி வராது, கப்பு ஒட்டும் வேலையும் இல்லை. வாளி மட்டும் காலியாகத் திரும்பி வரும், அதை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்காமல் மறுபடி நிரப்பக் கூடாது. முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சமையல்காரர்கள் கேட்கிறார்கள். முன்பணம் வாங்காமல் ஒத்துக்கொள்வதில்லை. இப்போது நாளுக்கு வாளியில் 45 கிலோ, அதோடு 150 கப், மீதிப் பால் சொசைட்டிக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்து லிட்டரில், இருக்கும் பாத்திரத்தில், இரண்டு மெஸ்ஸை மட்டும் வைத்து மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்க்காமல் தொட்டியும் மெஷினும் வாங்காதீர்கள்.

கொட்டகைத் தூணில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். என்ன மருந்து, எந்தத் தேதி, எத்தனை நாள் என்று எழுதுவது இப்போது என் வீட்டுக்காரரின் வேலை. நேற்று மயிலைக்குக் காம்பில் சின்னக் காயம், மருந்து ஏற்றியிருக்கிறது. பலகையில் மயிலை என்று எழுதி, பக்கத்தில் வெள்ளிக்கிழமை வரை என்று போட்டிருக்கிறார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, அடுக்களையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து இப்போதே தனியாக வைத்துவிட்டார்.